நூற்று நாற்பத்து மூன்று கால்கள்

குரும்பகரத்து அஞ்சுகத்துக்கு இரண்டு பட்டங்கள் உண்டு. ஒன்று, தியாகராசன் மனைவி. அது தாலியோடு வந்தது; பரீட்சை எதுவும் கிடையாது. இன்னொன்று, ‘வரப்பு’ இணையதளத்தின் மட்டுறுத்துநர். அது ஏழு வருடம் பாடுபட்டுச் சம்பாதித்தது. சம்பாதித்தது என்றால் காலணா கிடையாது. தளத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சை இலை தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் போன தை மாதம் நாத்தனார் மகள் கல்யாணப் பத்திரிகையில், தியாகராசன் பி.ஏ.வுக்குக் கீழே ‘அஞ்சுகம், மட்டுறுத்துநர்’ என்று அச்சாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் அதைக் கோர்ட்டு உத்தியோகம் என்று நினைத்து முதல் பந்தியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அஞ்சுகம் மறுத்துப் பேசவில்லை. பாயசம் நன்றாயிருந்தது.

தியாகராசனுக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் அரசு அலுவலகமொன்றில் எழுத்தர்.

“சம்பளமில்லாத உத்தியோகத்துக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்” என்பார்.

“சம்பளம் வாங்கிக்கிட்டு பதினோரு மணிக்குப் போறவங்க அதப் பத்திப் பேசக் கூடாதுங்க” என்பாள், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

வரப்பு என்பது டெல்டா விவசாயிகள் கேட்டுக்கொள்ளவும் சொல்லிக்கொள்ளவும் பெங்களூரில் ஒரு கம்பெனி நடத்தும் தளம். அங்கே சம்பளக்காரர்கள் ஒன்பது பேர். வெளியே அஞ்சுகத்தைப் போலத் தன்னார்வலர்கள் பதினொரு பேர். தினமும் வந்து விழும் குப்பையை, அதாவது ஐந்து நிமிடக் கடன், வழுக்கைக்கு எண்ணெய், ஏக்கருக்கு நூறு மூட்டை என்று சத்தியம் செய்யும் விதை வியாபாரி ஆகியவற்றை மறைப்பது தன்னார்வலர் வேலை. மறைக்கலாம், குறையிருந்தால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். அடியோடு அழிப்பதும், ஆளையே வெளியேற்றுவதும் சம்பளக்காரர் கையில். துடைப்பம் இவர்களிடம், சாவி அவர்களிடம். குப்பை எங்கே கிடக்கிறது என்று சாவிக்குத் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்தத் தளத்தில் அஞ்சுகத்தின் பெருமையெல்லாம் ஒரே ஒரு தொடரில் இருந்தது. பெயர், ‘தண்ணி எங்கே?’ கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டால் அது காரைக்காலில் குரும்பகரம் போன்ற கடைமடை ஊர்களுக்கு வந்து சேர்வதற்குள் மனிதனுக்குப் பாதி ஆயுசு போய்விடும். எப்போது வரும் என்று அதிகாரிகளைக் கேட்டால் “வரும், வரும்” என்பார்கள். அது போன வருடமும் சொன்னதுதான். அதனால் விவசாயிகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தன் ஊர் வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்று, தன் காலைப் படமெடுத்துத் தொடரில் போடுவார்கள். விரல் மட்டும் நனைந்திருந்தால் மேலே எவனோ மதகை இறக்கிவிட்டான் என்று அர்த்தம். கணுக்கால் மூழ்கினால் அடுத்த ஊருக்கு அரை நாளில் வந்துவிடும். முழங்கால் என்றால் ஓடிப்போய் வரப்பைக் கட்டு. ஊர், வாய்க்கால், நேரம் மூன்றும் இருக்க வேண்டும் என்பது அஞ்சுகம் போட்ட விதி. ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள், அது மந்திரியின் காலாக இருந்தாலும். மேலே உள்ள ஊர்க்காரர்களின் போன் நம்பர் இங்கே யாரிடமும் கிடையாது. கால்களைத்தான் தெரியும்.

இந்த வருடம் நூற்று நாற்பத்து மூன்றாவது கால் வந்த செவ்வாய்க்கிழமை, பெங்களூரிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. எழுதியவர் ஹரிஹரன், ‘சமூக அனுபவ மேம்பாட்டு முதன்மைத் தலைவர்’. புதிதாகச் சேர்ந்தவர். அந்தப் பதவியை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க அவருக்கே இன்னும் பழகியிருக்காது. ஒரே மாதிரியான, பொருத்தமற்ற உடல்பாகப் படங்கள் நூற்று நாற்பத்து மூன்றையும் மாலை ஐந்து மணிக்குள் மறைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அஞ்சுகம் உலையை இறக்கி வைத்துவிட்டுப் போன் போட்டாள்.

“சார், அது உடல்பாகமில்ல. அளவுகோல்.”

“மேடம், எனக்குப் புரியுது” என்றார் ஹரிஹரன். புரியாதவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். “ஆனா எல்லாமே சேறும் காலுமா இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு என்ன தோணும்? நம்ம தளத்துலயே அணை நீர்மட்டம் வரைபடமா வருது, கலர் கலரா.”

“வருது சார். பேங்குல பணம் இருக்குன்னு அது சொல்லுது. என் கைக்கு எப்ப வரும்னு காலு சொல்லுது.”

“இது கம்பெனி உத்தரவு மேடம்.”

“உத்தரவு சம்பளத்தோட சேர்ந்து வர்றது சார். எனக்குத்தான் அது வரலையே.”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

“அப்ப நானே அழிச்சிர்றேன்” என்றார் அவர். “உங்க பொறுப்பையும் தற்காலிகமா எடுத்துக்கறேன்.”

ஐந்து மணிக்கு நூற்று நாற்பத்து மூன்று கால்களும் போயின. ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு இலையும் உதிர்ந்தது.

ஐந்தே காலுக்குத் தெட்சிணாமூர்த்தி வாசலில் வந்து நின்றார். வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. தண்ணீரும் கடைசி, முறையும் கடைசி.

“ஏம்மா அஞ்சுகம், காலெல்லாம் எங்கம்மா? மத்தியானம் பாத்தப்ப இருந்துச்சே.”

“அழிச்சிட்டாங்க மாமா.”

“எவன் அழிச்சான்? நான் விதைய ஊறப்போடவா வேண்டாமான்னு அதப் பாத்துத்தானே முடிவு பண்ணணும்? முறைத்தண்ணி நாலே நாளு. ஊறப்போட்டுத் தண்ணி வரலன்னா முளைச்ச விதைய கோழிக்குத்தான் கொட்டணும். போடாம இருந்து தண்ணி வந்துட்டா, நான் முளை கட்டுறதுக்குள்ள அது கடலுக்குப் போயிடும். நம்ம போர் தண்ணிதான் உப்பாச்சே.”

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்றேன் மாமா. அதுவரைக்கும் மூட்டையப் பிரிக்காதீங்க.”

சொல்லிவிட்டாள். எதை வைத்துச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

“பாத்தியா, ஏழு வருஷ சர்வீஸு” என்றார் தியாகராசன், இலை இருந்த இடத்தை எட்டிப் பார்த்து. “ஒரு பென்ஷன் உண்டா, ஒரு பிரிவுபசார விழா உண்டா?”

அஞ்சுகம் அடுப்படிக்குப் போய்விட்டாள். ரசத்தில் அன்றைக்கு உப்பு இல்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை, அந்த அளவுக்கு அவருக்குப் புத்தி உண்டு.

புதன்கிழமை காலை ஐந்து மணிக்குப் பழக்கத்தில் விழித்தாள். துடைப்பம் கையில் இல்லை, சும்மா பார்த்தாள். ஆறு மணிக்கு மூன்று கடன் விளம்பரம். ஏழு மணிக்கு எண்ணெய்க்காரர் வந்து உட்கார்ந்தார். எட்டரைக்கு ஏக்கருக்கு நூறு மூட்டைக்காரர், தைரியம் வந்து, நூற்று இருபது ஆக்கியிருந்தார். பதினொரு பேரில் காலை வேளையில் துடைப்பம் எடுப்பவள் அவள் ஒருத்திதான் என்பது பெங்களூரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இதற்குள் தியாகராசன் பைக்கை எடுத்துக்கொண்டு ஆபீஸ் கிளம்பிவிட்டார், என்றுமில்லாத திருநாளாய் எட்டு மணிக்கே.

பத்து மணிக்குப் போன் வந்தது. முதன்மைத் தலைவரின் குரலில் முதன்மையும் இல்லை, தலைமையும் இல்லை.

“மேடம், முதல் பக்கம் பூரா வழுக்கைத் தலையா இருக்கு. மேலதிகாரி பாத்துட்டார். இன்னொன்னு, உதவி நம்பருக்குக் காலையிலேர்ந்து நூத்தி எம்பது கால். எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க.”

“தண்ணி எங்கேன்னுதானே?”

“ஆமா. நான் பெங்களூர்ல இருக்கேன் மேடம், எங்க வீட்டுக்கே லாரியிலதான் வருது. நான் என்னன்னு சொல்றது?”

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “சொல்லுங்க தம்பி, நான் என்ன செய்யணும்?” சார் எப்போது தம்பியானார் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

“உங்க இலைய இப்பவே போட்டுர்றேன். இந்தக் குப்பைய மட்டும் கொஞ்சம்…”

“அது பத்து நிமிஷ வேலை. அழிச்ச காலு திரும்பி வருமா?”

“வராது மேடம். அழிச்சா அழிச்சதுதான்.”

“அப்ப தொடரப் புதுசா ஆரம்பிங்க. நான் இல்ல, நீங்க. உங்க பேர்ல, உங்க பதவி முழுசையும் போட்டு.”

பத்தே காலுக்கு அறிவிப்பு வந்தது. சமூக அனுபவ மேம்பாட்டு முதன்மைத் தலைவர் எழுதியிருந்தார்: ‘மதிப்புமிகு உறுப்பினர்களே, உங்கள் கால்களை அன்புடன் வரவேற்கிறோம்.’ அதற்குக் கீழே இருபத்தாறு பேர் சிரித்திருந்தார்கள். சிரிப்பு விதிமீறலா என்று அஞ்சுகம் யோசித்தாள். அப்படி ஒரு விதி இல்லை. எண்ணெயையும் மூட்டையையும் வரிசையாக மறைத்தாள். மனசு லேசாயிற்று. ஆனால் கால் ஒன்றும் வரவில்லை. பத்தரை ஆயிற்று. தெட்சிணாமூர்த்தி இரண்டு முறை போன் பண்ணிவிட்டார்.

பத்து நாற்பத்தெட்டுக்கு ஒன்று வந்தது. கால் என்றாலே நிறுத்திவைக்கும்படி ஹரிஹரன் முந்தின நாள் இயந்திரத்துக்குச் சொல்லிவைத்திருந்ததால், அது நேரே தொடருக்குப் போகாமல் மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்கு வந்து நின்றது.

அஞ்சுகம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பழுப்புத் தண்ணீர், மிதக்கும் சருகு. கால் மட்டும் விவசாயி கால் இல்லை. வெயில் படாத வெள்ளைக்கால், ஷூ போட்ட தடம். முழங்கால் வரை சுருட்டிய சாம்பல் நிறப் பேண்ட். கட்டைவிரலுக்குப் பக்கத்தில், கல்யாணமான வருடம் மண்வெட்டி பிடிக்கத் தெரியாமல் பிடித்து வெட்டிக்கொண்ட தழும்பு.

அனுப்பியவர் பெயர் ‘குரும்பகரத்தான்’. உறுப்பினராகி ஆறு வருடம். இதுவரை இட்ட பதிவுகள்: பூஜ்யம். கடைசியாகத் தொடரைப் பார்த்தது: நேற்று மாலை 4.55.

ஆறு வருடம்! இந்த மனிதர் தினமும் படித்துக்கொண்டுதான் கேலி பேசியிருக்கிறார்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: ‘குரும்பகரம். காலை 10.40. கணுக்காலுக்கு மேல் நாலு விரல்.’

அஞ்சுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மட்டுறுத்துநர் செய்ய வேண்டியதைச் செய்தாள். ‘வாய்க்கால் பெயர் இல்லை. திருத்தி மீண்டும் இடவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினாள்.

இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது: ‘புளியந்தோப்பு வாய்க்கால், தலை மதகு. அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். மட்டுறுத்துநர் அம்மா சீக்கிரம் பார்க்கவும்.’

லீவு விவரமும் அம்மாவும் தேவையில்லாதவை. விதிப்படி எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏழு வருடத்தில் அவள் காட்டிய பாரபட்சம் அது ஒன்றுதான். ஒப்புதலை அழுத்திவிட்டு உடனே தெட்சிணாமூர்த்திக்குப் போன் போட்டாள்.

“மாமா, தலை மதகுல கணுக்காலுக்கு மேல வந்துடுச்சு. மூட்டையப் பிரிச்சு ஊறப்போடுங்க, உங்க முறை வர்றதுக்குள்ள முளை கட்டிடும்.”

“நிசமாவா? யாரு காலும்மா அது, நம்பலாமா?”

“நம்பலாம் மாமா” என்றாள் அஞ்சுகம். “எங்க வீட்டுக் காலுதான்.”