பத்து நொடி அழுத்திப் பிடிக்கவும்

இருபத்து மூன்று நொடி வரை எண்ணியிருந்தாள். அப்பாவின் போன் கைக்குள் ஒருமுறை உதறிவிட்டு அணைந்தது. கம்பெனிப் பெயர் திரையில் வந்து நின்றது, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. காலையிலிருந்து இது பதினோராவது முறை.

அப்பா பக்கத்து அறையில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். வண்டி மூன்று மணிக்கு வரும். இப்போது மணி ஒன்றே கால்.

பெரியப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். "சின்னவனுக்குச் சொல்லியாச்சா?"

"போன் அணைஞ்சு அணைஞ்சு போகுது பெரியப்பா."

"அவன் வர்றான்னா வண்டிய நாளைக்கு மாத்தணும். இல்லேன்னா எடுத்துடலாம். ரெண்டுல ஒண்ணு, ரெண்டு மணிக்குள்ள சொல்லு. வந்தவங்கள எவ்வளவு நேரம்தான் உக்கார வெக்கிறது?"

தம்பி இருக்கும் ஊர் ஒரு பகல் தூரம். அவன் நம்பர் அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இதே சமையலறையில் நடந்த சண்டையில் அவள்தான் சொன்னாள்: "அப்பாவுக்கு ஒண்ணுன்னா தகவல் வரும். அதுக்கு மேல எங்கிட்ட எதையும் எதிர்பாக்காத." அவன் நம்பரை மாற்றினான். புது நம்பரை அவள் கேட்கவில்லை. இப்போது அந்தத் தகவலைக்கூடச் சொல்ல வழியில்லை.

திரை வந்தது. பூட்டைத் திறக்க விரலால் 'ப' போட்டாள்.

காலையில் முதல் தடவை திறந்தபோது, அழைத்த எண்களின் பட்டியலைத்தான் பார்த்தாள். மேலே 'மகள்' என்று நான்கு முறை இருந்தது. விடிகாலை ஐந்து நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு. ஒன்றுகூட அவள் போனில் அடிக்கவில்லை. குழாயில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதே என்று கீழ்வீட்டுக்காரர் வந்து கதவை உடைத்தபோது, போன் அப்பா கையில்தான் இருந்ததாம். அதற்குப் பிறகு அவள் அந்தப் பட்டியல் பக்கமே போகவில்லை. பெயர்களில் தேடினாள்.

கண் டாக்டர். கரன்ட் ஆபீஸ். கீழ் வீடு. குழாய்க்காரர். விரல் வேகமாக ஓடியது, இன்னொரு கை போனை இறுக்கியது. பதினாறில் அணைந்தது.

"உடைஞ்சிடப் போகுது, அப்படிப் புடிச்சா," என்றான் கணவன். "குடு, நான் பாக்கறேன்."

"நீங்க தொடாதீங்க."

இரண்டு வாரமாக அப்பா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கையில எடுத்தாலே செத்துப்போகுதும்மா. ஒழுங்கா சார்ஜ் போடுங்கப்பா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தன் போனிலிருந்து தெருமுனைக் கடைக்காரருக்கு அடித்தாள். பழுது பார்ப்பவர்.

"ரீசெட் அடிச்சா ஓடும்க்கா. ஆனா உள்ள இருக்கறது பூரா போயிடும்."

"போகக் கூடாது."

"அப்ப ரெண்டு நாள் குடுத்துட்டுப் போங்க."

"ரெண்டு மணிக்குள்ள வேணும்."

"ரெண்டு மணிக்குள்ள உசுரு குடுக்க நான் என்ன டாக்டரா?" அவர் சிரித்தார். "சரி, கவர் போட்டிருக்கா? கழட்டிப் பாருங்க. டைட்டா இருந்தா பக்கத்துல இருக்கற பட்டன அமுக்கிட்டே இருக்கும். போன் பாவம் என்ன பண்ணும்? அணைஞ்சு அணைஞ்சு எரியும்."

ரப்பர் கவரின் முதுகு புடைத்திருந்தது. நகத்தை விட்டு நெம்பினாள். எட்டாக மடித்த ஒரு தாள் சமையல் மேடையில் விழுந்தது. விரித்தாள். அவள் கையெழுத்து.

'போன் நின்றுவிட்டால் பக்கவாட்டுப் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடிக்கவும். அணைந்து மறுபடி எரியும். பயப்பட வேண்டாம்.'

போன மாதம் எழுதியது. தினமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், நோட்டுத் தாளைக் கிழித்துக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். தொலைந்துவிடாமல் இருக்க அவர் கண்டுபிடித்த இடம் இது.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கவரில்லாத போனை மேடைமேல் வைத்து, ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். கேஸ்காரர். சலவைக் கடை. சின்னவன்.

ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

"அப்பா! காலைலேர்ந்து எத்தன தடவ அடிக்கிறேன், தெரியுமா? கலெக்டர் ஆபீஸ் மாதிரி, உங்களுக்கு லைனே கெடைக்க மாட்டேங்குது." சிரித்தான். "அந்த டப்பாவ அக்காகிட்ட குடுங்கன்னு சொன்னேன்ல? ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிருப்பா. நீங்க கேட்டாத்தானே? சரி, மறுபடி கட்டாகறதுக்குள்ள பேசுங்க. சாப்ட்டீங்களா?"

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு. பதினேழு.

"அப்பா? கேக்குதா?"

இருபத்து மூன்று. இருபத்து நான்கு.

பெரியப்பா மறுபடியும் வாசலில் வந்து நின்றார். போன் மேடைமேல் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நாற்பது தாண்டியும் திரை எரிந்துகொண்டே இருந்தது.