மெர்லின் கேட்ட தீவு

பாய்மரப் படகு ஒண்ணை ஏழு நாளைக்கு மொத்தமா வாடகைக்கு எடுத்து, செஷல்ஸ் தீவெல்லாம் சுத்தப் போறாங்களாம் ராயபுரத்து மெர்லினும் அவ புருஷன் அசோகனும். கேட்டவங்கல்லாம் வாயைப் பொளந்தாங்க. மெர்லின் எதையும் காதுல போட்டுக்கல. பாஸ்போர்ட் எடுத்தாச்சு, வாந்திக்கு மாத்திரை வாங்கியாச்சு, நெத்திலிக் கருவாடு கொண்டுபோக விடுவாங்களான்னுகூட விசாரிச்சாச்சு. இருபத்தாறு வருஷம் எண்ணெய்க் கப்பல்ல மாரடிச்சு ஓய்ஞ்சுபோய் வந்த அசோகன்தான் பயணப் பேச்சு வந்தாலே எழுந்து வெளியே போனான்.

அவ என்ன ஊர் சுத்திப் பார்க்கவா போறா? அங்க ஒரே ஒரு தீவு, அதுல ஒரு சின்ன மாதா கோயில். பதினெட்டு வருஷத்துக்கு முன்ன, நாலு வயசு மக ஜானட் காய்ச்சல்ல போய்ட்டா. அசோகன் அப்போ கப்பல்ல இருந்தான். "அவரு வராம சவப்பொட்டியை மூடக் கூடாது"ன்னு மெர்லின் புள்ள மேலயே வுழுந்து கிடந்தா. அப்போதான் அவன் போன் பண்ணான். "நான் ரொம்பத் தூரத்துல கீறேன் மெர்லினு. இங்க ஒரு தீவுல மாதா கோயிலு கீது. புள்ளைக்கு மெழுகுவத்தி ஏத்திட்டேன். நீ மூடச் சொல்லிடு." அந்த ஒரு மெழுகுவத்தியை நம்பித்தான் அவ எழுந்தா. இப்போ அதே கோயில்ல தானும் ஒண்ணு ஏத்தணும். அவ்ளோதான் அவ ஆசை.

கோயிலும் பொய், மெழுகுவத்தியும் பொய். அந்தத் தீவை அசோகன் பார்த்ததே இல்ல, கப்பல் மேப்புல படிச்ச ஒரு பேரைத்தான் அவகிட்ட சொல்லி வச்சிருந்தான். எத்தனை வருஷம் கிடைச்சுது, சொல்லித் தொலைச்சிருக்கலாம்! வாய் வந்தாத்தானே.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும், டிராவல்ஸ் நடத்துற சுஃபியான் போன் பண்ணான். மெர்லின் ஸ்பீக்கர்ல போட்டா.

"அக்கா, படகு கேப்டன்கிட்ட கேட்டுட்டேன். நீங்க சொன்ன தீவுல கோயிலே கிடையாதாம். ஆளுங்களே இல்லியாம், வெறும் பறவைங்கதானாம். வேற எதுனா தீவு போடட்டுமா?"

"அவனுக்கு இன்னா தெரியும்? இவரு நேர்லயே போய் வந்துக்கீறாரு!" சிரிச்சுக்கினே திரும்பினவ, அசோகன் மூஞ்சைப் பார்த்தா. போனை வச்சுட்டா.

"நீ போவலியா?"

"இல்ல."

"அப்போ எங்க இருந்தே?"

"இங்கதான், நம்ம எண்ணூருக்கு நேரா, கடல்ல நாலு மைலு வெளியே. துறைமுகத்துல எண்ணெய் இறக்குற ஜெட்டி காலியாவலன்னு நங்கூரம் போட்டு நின்னுகினு இருந்தோம். கேப்டன் கால்ல வுழுந்தேன், இறக்கிவுட மாட்டேன்னுட்டான். மறுநாளு கப்பலை வேற ஊருக்குத் திருப்பிட்டாங்க. இங்கதான் கீறேன், வர முடியலன்னு சொன்னா நீ தாங்க மாட்டேன்னுதான் அப்படிச் சொல்லிட்டேன்."

"நாலு மைலா?"

"ஆமா."

"சாவு வூடுன்னு எங்கண்ணன் அன்னிக்கு மீன் புடிக்கவே போவலய்யா! அவரு மீன்புடி போட்டு காசிமேட்டுத் துறையில சும்மாதானே நின்னுது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, புள்ளையத் தூக்கிக்கினு கப்பலுக்குக் கீழயே வந்திருப்பேனே! மேலேருந்து நீ ஒரு தபா பார்த்திருப்பியே!"

அவ நெஞ்சுல அடிச்சுக்கினு அழுதா. அசோகன் கையைப் புடிக்கப் போனான், தட்டிவிட்டா. மச்சானோட போட்டு அந்த மாதிரி நிக்குற கப்பலுங்களைத் தாண்டித்தான் தினம் மீனுக்குப் போய் வரும். அது அன்னிக்கு அவனுக்குத் தோணல. இந்தப் பதினெட்டு வருஷத்துல ஒரு நாள்கூடத் தோணல.