வலது மார்பில் ஒரு பதக்கம்

எனக்கு மூன்று பதக்கங்கள். முதல் இரண்டும் போரில் பறந்த எல்லோருக்கும் கொடுத்தவை. மூன்றாவது வீரத்துக்கு. வாங்கியவர் இடது மார்பில் குத்திக்கொள்வார். இறந்தவருடையதை வீட்டார் வலது மார்பில் குத்திக்கொள்வார்கள். எங்கள் படைப்பிரிவின் வழக்கம் அது.

குண்டுவீச்சு விமானத்தில் முப்பத்தொரு முறை எல்லை தாண்டியிருக்கிறேன். முப்பது முறை என் கை நடுங்கியதில்லை. அதை யாரும் மறுக்க முடியாது. கடைசி முறை, பாலத்தின் மேல் குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது கீழிருந்து சுட்டார்கள். முன்கண்ணாடி சிதறியது. எனக்குக் கீறல்கூட இல்லை, ஆனால் கைகால் மரத்துவிட்டன. துணை விமானிக்குத் தொடையில் அடி. அவனை நெட்டை என்று கூப்பிடுவோம்.

"நீங்க சும்மா உக்காருங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஒன்றேகால் மணி நேரம் அவனே ஓட்டினான், அவனே இறக்கினான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. பின்னால் இருந்தவர்களுக்கு முன்னறையில் நடந்தது தெரியாது. அறிக்கையில், விமானத்தை நான் இறக்கியதாக எழுதினேன். மூன்றாவது பதக்கம் அதற்குத்தான் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாகப் பட்டாளத்துக்காரர்கள். பயந்தாங்கொள்ளி என்ற பேர் என்னால் வரக்கூடாது என்று நினைத்தேன்.

ஆண்டுக் கூட்டத்துக்கு நெட்டையின் தங்கை அவனது இரண்டு பதக்கங்களை வலது பக்கம் குத்திக்கொண்டு வருவார். "நீங்க இல்லேன்னா அண்ணன் முகத்தைக்கூட பாத்திருக்க மாட்டோம்" என்பார். நான் தலையாட்டுவேன். நாற்பது வருடம் ஆட்டினேன். போன முறை, அந்தப் பதக்கத்தோடு எனக்குத் தந்த பாராட்டுரையின் நகல் ஒன்று கேட்டார், அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட. என் மகன் இந்த முறை அதைச் சட்டம் போட்டே கொண்டுவந்தான்.

அன்று காலை மூன்றாவதை மட்டும் வலது பக்கம் குத்தினேன். அரங்கத்து வாசலில்தான் மகன் கவனித்தான்.

"அப்பா, பக்கம் மாறிப்போச்சு. நில்லுங்க, மாத்தி விடறேன்."

"கையை எடு."

அதற்குள் நெட்டையின் தங்கை வந்துவிட்டார். மகன் மழுப்பினான். "வயசாச்சில்ல அத்தை. நேத்து மூக்குக்கண்ணாடியைத் தலையில வெச்சுக்கிட்டே வீடு பூரா தேடினார்."

"அது நிஜம். இது தெரிஞ்சுதான் குத்தினேன்" என்றேன். "தங்கச்சி, அன்னைக்கு விமானத்தை இறக்கினது உங்க அண்ணன். நான் பயந்துபோய் உக்காந்திருந்தேன். எழுதிக் குடுத்தது பொய்."

மகன் சட்டத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அவர், "நல்லா இறக்கினானா?" என்று கேட்டார்.

"ஒரு குலுக்கல் இல்ல."

"நான் நன்றி சொன்னப்பல்லாம் தலையை ஆட்டினீங்களே."

அவர் என் மார்பிலிருந்த பதக்கத்தைச் சுட்டிக்காட்டினார்.

"கழட்டுங்க."

என் விரல்களுக்கு ஊக்கு வசப்படவில்லை. அவரே கழற்றித் தன் இரண்டோடு சேர்த்துக் குத்திக்கொண்டார்.

"உள்ள வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

மகன் காரை நோக்கி நடந்தான். நான் உள்ளே போனேன்.