கரொலின் சேர்த்த ஊர்ப்பெயர்

காரைக்கால் கோவில்பத்து மத்லேனுக்கு மகள் முகத்தைத் தினமும் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது, பேசத்தான் கொடுத்துவைக்கவில்லை. ஒரே மகள் கரொலின் ஜெர்மன் தொலைக்காட்சியில் மதியச் செய்தி வாசிக்கிறவள். அங்கே மதியம் என்றால் இங்கே சாயங்காலம், காபி நேரம்.

பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பள்ளி முடித்ததும் பாரிசுக்குப் படிக்கப் போனாள். அங்கே ஒரு ஜெர்மன்காரனைக் கட்டிக்கொண்டு அவன் ஊருக்கே குடிபோனாள். முட்டி மோதி அந்த மொழியைக் கற்று, வானொலியில் போக்குவரத்து அறிவிப்பு, பிறகு டிவியில் வானிலை, பிறகு செய்தி என்று ஏறினாள். இந்த முகமா நம் செய்தியை வாசிப்பது என்று முகம் சுளித்தவர்களும் உண்டாம். எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தே அவர்கள் வாயை அடைத்தாள்.

மத்லேனுக்கு ஜெர்மன் சுத்தமாகத் தெரியாது. இன்டர்நெட் வழியாக டிவியில் மகள் வந்து வணக்கம் சொன்னதும் "வாம்மா" என்பாள். கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண் வீங்கியிருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பாள். உலகத்தில் எங்கே போர் நடந்தால் என்ன, அவளுக்கு அதுதான் செய்தி.

பக்கத்து வீட்டு அஞ்சுகம் சும்மா இருப்பாளா? "பொண்ணு போன் பண்ணுறதில்லையாக்கா?"

"தெனம் பாக்குறேன், அப்புறம் என்ன போனு?"

வீம்பு! மகள் டிவியில் வரத் தொடங்கிய புதிதில் அவளிடமும் இப்படித்தான் சொல்லித் தொலைத்தாள். "நான்தான் டிவியில பாத்துடுறேனே, வேலையக் கெடுத்துக்கிட்டு போன் பண்ணாத." பெருந்தன்மையாம்! மகளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கிறிஸ்துமசுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் போன் வரும். தன் வாயால் கெட்டதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்தக் குரல் 'அம்மா' என்று கூப்பிடாதா என்று மத்லேன் ஏங்கிப்போனாள்.

கார்த்திகையில் புயல் அடித்தது. கரண்டும் போனது, போனும் செத்தது. ஓடு பறந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு அஞ்சுகம் இங்கேயே வந்துவிட்டாள். மகள் முகம் பார்க்காமல் மத்லேனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து கரண்டு வந்து டவரும் வேலை செய்ததுதான் தாமதம், போன் அடித்தது.

"அம்மா! எங்கம்மா இருக்க? மொகத்தக் காட்டும்மா!"

வீடியோவில் கரொலின் தலை கலைந்து, கண் சிவந்து இருந்தாள். மத்லேன் பதறிவிட்டாள். "என்னடி இது கோலம்?"

"புயல் நியூஸ நான்தாம்மா வாசிச்சேன். தென்னிந்தியான்னு மட்டும்தான் எழுதியிருந்துச்சு. காரைக்கால்னு நானா சேத்து வாசிச்சுட்டேன். அதுக்கு மேல கொரலே வரல. பாதியில எழுப்பி அனுப்பிட்டாங்க."

"ஐயையோ, வேலைக்கு ஒண்ணும் ஆயிடலியே?"

"வேல கெடக்குது, விடும்மா! இத்தன வருஷமா நீ என்னப் பாத்துக்கிட்டு இருந்த. நான் ஒன்ன எங்க பாத்தேன்?"

போனில் தெரிந்த மகள் கன்னத்தை மத்லேன் விரலால் தடவினாள்.

கரொலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நாளைக்கும் கூப்புடட்டுமாம்மா? ஒனக்குத் தொந்தரவு இல்லியே?"

"பாவி மவளே, பெத்தவகிட்ட இதக் கேட்டுக்கிட்டாடி கூப்புடுவாங்க?" என்று சொல்லும்போதே மத்லேன் உடைந்து அழுதாள்.