வேம்புலியம்மாள் காட்டாத கூடுகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையதல்ல, வேம்புலியம்மாளுடையது. மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன், தூக்கம் போனதுதான் மிச்சம்.

முதல் தொடக்கம்: 'அண்ணனூர் ஏரியில் அந்தி சாய, நாரைகள் வெண்...'

(வேண்டாம். நாரை வந்தாலே எனக்குக் கவிதை முட்டிக்கொண்டு வருகிறது.)

2

நேராகவே சொல்கிறேன். வருடம் 1973. வேம்புலியம்மாள் ஏரியில் கோரை அறுத்துப் பிழைப்பவள். ஏரியைத் தூர்த்து மனை போடுவதா, பறவைகளுக்கும் கோரைக்காரர்களுக்கும் விட்டுவைப்பதா என்று திட்டம் எழுத சம்பத் என்ற அதிகாரி வந்தார். எதற்காக எழுதுகிறார் என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

"கூடு எங்கம்மா இருக்கு?"

"கூடா? இங்க இன்னா கீது நைனா, வெறும் கோரைதான்."

கோரைக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூடு இருக்கும் இடத்தை வெளியாளுக்குக் காட்டக்கூடாது. காட்டினால் பறவை சுடுகிறவர்களின் ஜீப் துப்பாக்கியோடு வரும். அடைகாக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் அவர்களே அரிவாள் வைப்பதில்லை. அதனால் சம்பத்தை முழங்கால் தண்ணீரில் சுற்றவிட்டு வெறுங்கையோடு கரையேற்றினாள். அவளுக்கு ஒரே பெருமை.

சம்பத் எழுதிக்கொண்டார்: கூடுகள் இல்லை.

3

(ஒரு வில்லன் இருந்தால் எனக்கு வசதி. இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.)

மறுநாள் அவள் புருஷன் தேவராஜ் ஓடிவந்தான்.

"இன்னாமே செஞ்சிட்ட? கூடு கீதுன்னாதான் ஏரிய உடுவாங்களாம். இல்லாங்காட்டி தூத்துடுவாங்களாம்!"

அவள் கோரைக்கட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். சம்பத்தைத் தேடிப் பிடித்தாள்.

"காட்றேன் நைனா. ஏரிப் படத்துல குறிச்சிக்கினா, அத்த யாரெல்லாம் பாப்பாங்க?"

சம்பத் நல்லவர், பொய் சொல்லவில்லை. "யாரு வேணும்னாலும் பார்க்கலாம்மா. அரசாங்கக் காகிதம்."

4

முடிவு ஒன்று: காட்டுகிறாள், ஏரி தப்பிக்கிறது, மறுவாரமே பறவைகளை...

முடிவு இரண்டு: காட்டவில்லை. மண் லாரிகள்...

இரண்டையும் அடித்துவிட்டேன். எது எழுதினாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

5

இப்போது அவள் தண்ணீரில் நிற்கிறாள். சம்பத் பக்கத்தில் நிற்கிறார், பேனா திறந்திருக்கிறது. திட்டம் நாளை மேலே போகிறது.

கூடுகள் எந்தக் கரையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இவ்வளவு எழுதியும் அதை மட்டும் எழுதவில்லை, கவனித்தீர்களா? உங்கள்மேல் கோபமில்லை. உங்களை எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அவள் கையைத் தூக்கிக் காட்டட்டுமா? நீங்கள் யார் என்று முதலில் சொல்லுங்கள்.