அம்மாவின் பாதி

1

"அப்பா, இதுல அம்மாவோட பாதி எது?"

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஓர் அம்மன் கோவில் பொங்கல் திருவிழாவில், வாணவேடிக்கையை அண்ணாந்து பார்த்தபடி ஒரு சிறுமி கேட்டாள். எனக்கு முன்னால் நின்றிருந்தாள். நான் காதால் கேட்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டிய கதை.

2

"மணிகண்டராஜ் கெட்டவன். பட்டாசுக் கம்பெனி முதலாளியான அவன்..."

[இந்த வரியை அடித்துவிட்டேன். கெட்டவன் என்று எழுதிவிட்டால் அவனுக்காக வேண்டிக்கொள்ள எனக்கு மனம் வராது.]

நேராகவே சொல்கிறேன். மனைவி கீர்த்திகாவின் நகைகளை விற்றுத்தான் கம்பெனி தொடங்கினார்கள். இப்போது விவாகரத்து. குடோனில் இருக்கும் சரக்கில் பாதி அவளுக்கு என்று பேசி முடித்தாயிற்று. கையெழுத்துப் போடுவதற்குள் மணிகண்டராஜ் முழுச் சரக்கையும் அம்மனுக்கு வாணவேடிக்கையாக நேர்ந்துகொண்டான். மைக்கில் அவனை வள்ளல் என்றார்கள்.

"ஏலே, மொதலாளி கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு வெடி போடலயே!"

"இது கல்யாணம் முறியுறதுக்குலே."

கூட்டம் சிரித்தது. [அம்மன் இதைக் கேட்டு வாங்கியிருப்பாள் என்று என்னால் நம்ப முடியவில்லை.]

3

கீர்த்திகா எனக்குச் சரியாக வரவில்லை. அழவைத்துப் பார்த்தேன்; அழ மறுத்தாள். போனில் பேசவைத்தேன்.

"சாமிக்குத்தான செஞ்சேன்?" என்றான் அவன்.

"சாமி பசிக்குதுன்னு கேட்டுச்சா? எம்பிள்ள கேக்கும். அதுக்கு நான் என்ன சொல்லட்டும், சொல்லுங்க."

4

முடிவு ஒன்று: நீதிமன்றம் அவனைக் கண்டிக்கிறது. ஆனால் புகையைப் பங்கு பிரிக்க எந்தத் தீர்ப்பால் முடியும்?

முடிவு இரண்டு: மணிகண்டராஜ் மனம் திருந்தி, ஒருநாள்...

[ரொம்ப ஆசைப்பட்டேன். வாக்கியம் நகரவில்லை.]

5

கம்பெனியில் திரி வைக்கும் வேலுத்தாயை இதுவரை நான் சொல்லவில்லை. முன்பு அவள் மகள் கல்யாணத்தில் பொன் இல்லாமல் நின்றபோது, விற்காமல் மிஞ்சியிருந்த கம்மலைக் கீர்த்திகா காதிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். "முடிஞ்சப்ப குடுங்கக்கா" என்றாள். பிறகு மறந்தும் போனாள்.

பொங்கல் முடிந்த காலையில், வேலைக்கு வேன் வருமுன், வேலுத்தாய் கீர்த்திகாவின் கதவைத் தட்டுகிறாள். அந்தக் கம்மல் அவள் முந்தானை முடிச்சில் இருக்கிறது.

"உள்ள வாங்க தாயி. யாராச்சும் பாத்தா ஒங்களுக்குச் சங்கடம்" என்கிறாள், கதவைத் திறந்த கீர்த்திகாவிடம்.

தெருவை இருபுறமும் பார்க்கிறாள். யாரும் இல்லை, நம் இருவரைத் தவிர.

நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அவள் முடிச்சை அவிழ்க்கட்டும்.