மாஸ்டர்தான் முதல் ஆபத்து

அந்தப் புள்ளைங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். குத்தம் எம்மேலதான். சரி, கொஞ்சம் அதுங்க மேலயும்தான்.

வேப்பந்தட்டை பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல புரோட்டா கடை வச்சிருக்கேன். எம் பேரு வெற்றிச்செல்வி. பெரம்பலூர் காலேஜ்ல எம்.பி.ஏ. படிக்கிற அபிநயாவும் அறிவரசனும் ஒருநாள் நோட்டோட வந்து நின்னாங்க. "அக்கா, நெசக் கடை ஒண்ணுக்கு என்னென்ன ஆபத்து வரும், எப்படித் தடுக்கலாம்னு எழுதணும். அதுக்குத்தான் மார்க்கு"ன்னாங்க. எழுதிக்கங்கன்னு விட்டுட்டேன்.

மூணு நாளு உக்காந்து எழுதுச்சுங்க. மழை வந்தா, கரண்ட் போனா, கேஸ் தீந்தா, பல்லி விழுந்தா. பல்லிக்கு மட்டும் ரெண்டு பக்கம். நாலாம் நாள் சாயங்காலம், கடை நெறைய ஆளு இருக்கறப்ப, அபிநயா சத்தமா வாசிச்சுது. "முதல் ஆபத்து, மாஸ்டர் செல்லமுத்து. அவர் போயிட்டா இந்தக் கடை ஒருநாள்கூடத் தாங்காது."

கல்லுக்கிட்ட நின்ன செல்லமுத்து திரும்பிப் பாத்தாரு. ஒம்போது வருசமா அந்த மனுசங்கிட்ட தினம் நான் பாடுற பாட்டு ஒண்ணுதான், "நீ இல்லன்னா ஆயிரம் பேரு வருவான்யா." அத நம்பிக்கிட்டு இருந்தவரு, கையக் கழுவிட்டு வந்து பெஞ்சுல உக்காந்துட்டாரு.

"என்னய்யா?"

"ஆபத்து ஓரமா ஒக்காந்திருக்குக்கா."

மறுநாள் காலையில ஒரு காதுகுத்துக்கு ஐந்நூறு புரோட்டா ஆர்டர். அதுக்கு இன்னும் மாவுகூடப் பிசையல. சம்பளம் ஏத்தித் தரேன்னேன். வேண்டாம்னுட்டாரு.

"எம் புரோட்டா நல்லாருக்குன்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்க. போதும்."

அதுக்குத்தான் வாய் வரல. எங்க குடும்பத்து வாயே அப்படி. எங்கப்பா என்னைக் கல்யாணக் கோலத்துல பாத்துட்டு "பரவால்ல"ன்னாரு. அவரு வாயில இவ்ளோ பெரிய பாராட்டான்னு அன்னைக்கு ஊரெல்லாம் பேச்சு.

"போய்யா, நானே போட்டுக்கறேன்"னு எந்திரிச்சேன். "மாத்து ஆள் தயார் பண்றதுதான்க்கா தடுப்பு"ன்னு அறிவரசனும் சட்டைக் கைய மடிச்சுக்கிட்டு வந்தான். நான் வீசுன மாவு அவன் மூஞ்சியில. அவன் வீசுனது ஃபேன்ல. ஃபேன் அத எல்லாருக்கும் பங்கு வச்சுது. சாப்பிட்டுக்கிட்டிருந்த கண்டக்டர் பாலசுந்தரம் தலையில ஒட்டுனத எடுத்துப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. பின்னாலேயே நாலு பேரு போனாங்க. அபிநயா நோட்ட விரிச்சு ஃபேனையும் சேத்து எழுதிக்கிச்சு.

மிச்சம் இருந்தவங்க சிரிச்சாங்க, செல்லமுத்து மட்டும் சிரிக்கல. ஒம்போது வருசமா சூட்டுல நின்ன மூஞ்சி. பாக்கப் பாக்க எனக்கு வெக்கமாப் போச்சு.

"யோவ், நல்லாதான்யா இருக்கு. மொத நாள்லேருந்தே நல்லாதான் இருக்கு. தினம் வூட்டுக்கு ரெண்டு கட்டிக்கிட்டுப் போறேனே, எதுக்குன்னு நெனச்ச?"

"நாய்க்குன்னு சொன்னீங்களேக்கா."

"எங்க வூட்ல ஏதுய்யா நாயி?"

அவரு எந்திரிச்சுப் போயி மாவு மூட்டையப் பிரிச்சாரு. ஐந்நூறும் நேரத்துக்குப் போயிருச்சு.

அபிநயா முதல் வரிய அடிச்சிட்டுத் திருத்துச்சு. "முதல் ஆபத்து, உரிமையாளர் வாய். தடுப்பு, தினம் ஒரு நல்ல வார்த்தை." கடைக்காரங்க கையெழுத்து வேணுமாம், போட்டுக் குடுத்தேன். போட்டாச்சுன்னா அதும்படி நடக்கணும்ல?

இன்னைக்குக் கடையத் தொறந்ததும் சொல்லிட்டேன், "சால்னா பிரமாதம்யா."

"இன்னும் அடுப்பே பத்த வைக்கலக்கா"ன்னாரு.